வவுனியாவில் வெட்டிய பங்கர்

வவுனியா நகரத்தில் எங்களுக்கு ஓர் அறை கிடைத்தபோது முகாமிலிருந்த பெண்கள் என்னைப் பொறாமையோடு பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது எனக்கு. நானும் கணவரும் ஆறு வயது மகளும் முகாமாக்கிய ஒரு பாடசாலை மண்டபத்தின் மூலையில், சீலையால் மறைப்புக் கட்டி மாதக்கணக்காகக் கிடந்தோம். மகளுக்கு இழுப்பு. மண்டபத்துத் தூசியும் அடுப்புப் புகையும் சேர்ந்து பிள்ளையைப் பாதியாக்கிவிட்டன. காற்றோட்டமான இடத்தில் வைத்திருக்காவிட்டால் பிள்ளை தாங்காது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

காற்றோட்டமான இடத்துக்கு எங்கே போவது? ஓமந்தையைத் தாண்டி, புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியிலிருந்து வந்தவர்கள் நினைத்த இடத்தில் குடியிருக்க முடியாது. நகரத்தில் வீடுள்ள ஒருவர், இவர்கள் என் பொறுப்பு என்று பொலிசில் பிணை நிற்க வேண்டும். அப்போதுதான் முகாமுக்கு வெளியே தங்கப் பாஸ் தருவார்கள். எங்களுக்காக நின்றவர் ஓய்வுபெற்ற ஒரு டீச்சர். சொந்தமுமில்லை, ஊருமில்லை. ஆஸ்பத்திரியில் மகள் மூச்சுக்குத் தவித்ததைப் பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்து பார்த்தவர், அவ்வளவுதான். தன் வீட்டின் பின்பக்க அறையை எங்களுக்கு விட்டார்.

நகரம் நகரம் என்கிறார்களே, அந்த நகரத்தின் இலட்சணத்தையும் சொல்ல வேண்டும். ஒரு வீட்டுக்குள் நாலு குடும்பம். தெருவோரக் கானில் கழிவுத் தண்ணீர் ஓடாது, நிற்கும். சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி என்பதால் சைக்கிளில் ஏறி ஓடுவதைவிட இறங்கி உருட்டுவதுதான் அதிகம். பொழுதுபடக் கடைகள் சாத்தி, தெரு வெறிச்சோடிவிடும். எங்கள் பேச்சைக் கேட்டதும் "வன்னியோ?" என்று ஒரு கேள்வி வரும், பிறகு முகம் மாறும். ஆனாலும் அறையில் ஆளியைத் தட்டினால் எரியும் விளக்கு இருந்தது, மின்விசிறி இருந்தது. பிறந்ததிலிருந்து வீட்டில் மின்சாரத்தைக் காணாத மகள் அந்த விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தாள். அவளுக்கு இழுப்பும் குறைந்தது.

குறைந்த இழுப்பை ஹெலிகொப்டர்கள் திருப்பிக் கொண்டுவந்தன. நகரத்துக்கு மேலால் அவை போவதும் வருவதுமாக இருக்கும். நகரத்துச் சனம் அண்ணாந்தும் பார்க்காது. பதுங்குகுழிக்குள் ஓடிப் பழகிய எங்கள் மகளோ சத்தம் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு குப்புற விழுவாள். அழுகை, அழுகையோடு இழுப்பு, நீலம் பாரித்த உதடு.

"இஞ்ச பங்கர் எங்க அம்மா?"

"இது எங்களுக்கு அடிக்கிற ஹெலி இல்லை, பிள்ளை. நாங்கள் இப்ப வவுனியாவில இருக்கிறம்."

"நாங்கள் இஞ்ச வந்திட்டம் எண்டு அதுக்குத் தெரியுமோ?"



ஒருநாள் பாஸ் புதுப்பிக்கும் வரிசையில் நின்று வெந்து வீட்டுக்கு வந்தேன். பின்வளவில், குளியலறைக்கு அப்பால், என் கணவர் இடுப்பளவு ஆழத்தில் நின்று மண் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். மலைநாட்டிலிருந்து வந்து வன்னியில் கண்டாவளைப் பக்கம் காடு வெட்டி வயலாக்கியவர்களின் பிள்ளை அவர். மண்வெட்டி கையில் கிடைத்துவிட்டால் பசி தெரியாது. மகள் மண் குவியலில் ஏறியிருந்து பாட்டுப் பாடினாள். மூச்சில் ஒரு இரைச்சலும் இல்லை. வவுனியாவுக்கு வந்த பிறகு அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

"இஞ்சரப்பா, உங்களுக்கென்ன விசரோ? டீச்சரிட்டக் கேட்டனீங்களோ?"

"பங்கர் வெட்ட ஆரிட்டக் கேக்கிறது?" என்றார், உண்மையாகவே விளங்காமல்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. இடம்பெயர்ந்து போகும் இடமெல்லாம் அடுப்பு மூட்ட முதல் பங்கர் வெட்டியவர்கள் நாங்கள். யாருடைய காணி என்று எவரும் பார்த்ததில்லை. காணிக்காரரே மேலே போடத் தென்னங்குற்றி தருவார். அனுமதி கேட்கிற காரியமாக அது எங்கள் மனத்தில் இருக்கவேயில்லை.

கோயிலுக்குப் போயிருந்த டீச்சர் திரும்பி வந்தார். குழியைக் கண்டதும் முகம் வெளிறிவிட்டது.

"தம்பி, உடன மூடுங்கோ."

"பிள்ளை பயப்பிடுது டீச்சர். அதுதான்..."

"செக்கிங் வாற ஆமிக்காரன் மண்ணுக்குள்ள என்னத்தைத் தாட்டு வைச்சனீங்கள் எண்டெல்லோ கேப்பான்! நான் என்ன சொல்லுறது?"

"பிள்ளைக்கு வெட்டினது எண்டு சொல்லுவம்."

டீச்சர் அவரைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட இரக்கம்தான் கூட. வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுத் தலைகள் ஏற்கனவே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த நகரத்தில் எந்தத் தலை எங்கே போய்க் கதைக்கும் என்று யாருக்கும் தெரியாது.

டீச்சர் என்னை உள்ளே கூப்பிட்டார். "எனக்கு ஒரு மகன்தான் மிச்சம், பிள்ளை. அவனை ஆமி கொண்டுபோனா நான் எங்க போய்த் தேடுவன்? இனி என்னால பிணை நிக்கேலாது. குறை நினையாதேங்கோ."

வாய்க்கு வந்தபடி ஏச வேண்டும் போலிருந்தது. ஆனால் அவரே என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுகிறவரை எப்படி ஏசுவது? கோபப்பட ஒரு ஆள்கூடக் கிடைக்காததுதான் எனக்குப் பெரிய ஆத்திரம். பிணை இல்லையென்றால் பாஸ் இல்லை. பாஸ் இல்லையென்றால் அதே மண்டபம், அதே புகை. டாக்டர் சொன்னது காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

கணவர் மூடத் தொடங்கினார். முதல் மண் விழுந்ததுமே மகள் குழிக்குள் குதித்துக் குப்புறப் படுத்துவிட்டாள்.

"மூடாதேங்கோ அப்பா! மூடாதேங்கோ!"

விளக்குப் போகிறதென்று அவள் அழவில்லை, விசிறி போகிறதென்றும் அழவில்லை. அவர் இறங்கி அவளைத் தூக்கி என்னிடம் தந்தார். என் தோளில் கிடந்தபடியே அவளுக்கு இழுக்கத் தொடங்கியது. அவர் எங்கள் பக்கம் திரும்பாமல் மண்ணைத் தள்ளி, காலால் மிதித்து, மேலே சருகும் பரப்பினார்.

பின்னேரம் சாமான்களை உரப்பையில் கட்டிக்கொண்டு முகாமுக்கு நடந்தோம்.  வழி முழுக்க மகளின் மூச்சு இரைந்தது. வாசலுக்குக் கிட்ட வந்ததும் தகப்பனின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, இஞ்ச வெட்டித் தருவீங்களோ?"

"ஓம்" என்றார்.

மண்டபத்தின் தரை சீமெந்து. அது அவளுக்கும் தெரியும்.