வெள்ளைப் பொட்டில் ஹெட்லி காட்டிய கை

என் அண்ணன் ஹெட்லி சக்டன் முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவன். ஒரு கீறல்கூடப் போட்டதில்லை என்பதில் அவனுக்கு அலாதிப் பெருமை. ஓய்வு பெற்ற பிறகும் தினமும் காலையில் டை கட்டிக்கொண்டு, தன் நீலக் காரை எடுத்துப் பேப்பர் வாங்கக் கிளம்புவான். நடந்தால் எட்டே நிமிடம். கல்யாணம் காட்சி எதுவும் அவன் செய்துகொள்ளவில்லை. மத்தியானம் என் கடையில் வறுத்த மீனும் மசித்த பட்டாணியும் சாப்பிடுவான், சிப்ஸில் வினிகர் குறைவு என்று தவறாமல் குறை சொல்வான்.

என் கடை மூன்று சாலைகள் கூடும் முனையில் இருக்கிறது. அங்கே இருப்பது மினி ரவுண்டானா. பேர்தான் பெரிது, தார் ரோட்டில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு பொட்டு, அவ்வளவுதான். வலப்பக்கமிருந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டம். இரண்டு கார் வந்தால் சட்டம் வேலை செய்யும். மூன்று சாலையிலும் ஒரே நேரத்தில் மூன்று கார் வந்து நின்றால் ஒவ்வொருவருக்கும் வலப்பக்கம் ஒருவர் இருப்பார், மூவரும் சிலையாக நிற்பார்கள். முந்திக்கொண்டு போனால் மரியாதை தெரியாதவன் என்று பேராகிவிடுமே. பிறகு யாராவது ஒருவர் கையைத் தூக்கி, நீங்கள் போங்கள் என்பார். எதிராளி, பரவாயில்லை நீங்கள் போங்கள் என்பார். இந்தக் கூத்தை இருபது வருடமாக ஜன்னல் வழியே பார்த்து எனக்கு அலுத்துப்போய்விட்டது.

அப்படிக் கை தூக்குவதில் ஹெட்லிதான் முதல் ஆள். தன் முறை வந்தாலும் நின்று மற்றவரை அனுப்பிவைப்பான்.

"உன் முறைன்னா போய்த் தொலையேண்ணே. பின்னாடி நாலு பேரு நிக்கிறாங்க" என்று நான் கத்துவேன்.

"வேலைக்கு ஓடுற சனங்க கண்ணு. எனக்கென்ன, பேப்பர் எங்கேயும் ஓடிடாது."

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னால், நான் பின்கட்டில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது ரோட்டில் டமாரென்று சத்தம் கேட்டது. ஓடிவந்து பார்த்தால் வெள்ளைப் பொட்டின் மேல் ஒரு சைக்கிள் நசுங்கிக் கிடக்கிறது. பக்கத்தில் கல்லூரியில் வேலை பார்க்கும் ஓவன் என்கிற பையன் காலைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறான். ஹெட்லியின் கார் தன் சாலை முனையில் நின்ற இடத்திலேயே நிற்கிறது. இடித்தது லோர்னாவின் கார்.

லோர்னா, படுக்கையில் கிடக்கும் கிழடுகளின் வீடுவீடாகப் போய்க் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, சோறூட்டிவிட்டு வருகிறவள். ஒரு நாளைக்குப் பதினான்கு வீடு, அத்தனையும் மேட்டிலும் பள்ளத்திலும். கார் இல்லாவிட்டால் அவளுக்கு அந்த வேலை இல்லை. புருஷன் விட்டுப் போனபின் இரண்டு பிள்ளைகளும் அந்த வேலையை நம்பித்தான் வளர்கின்றன.

வந்த கான்ஸ்டபிளிடம் அவள் சொன்னது இதுதான்: "வலப்பக்கம் சக்டன் சார் நின்னாரு. என்னைப் போன்னு கை காட்டினாரு. அதான் போனேன். சைக்கிள் அவர் காருக்கு இடப்பக்கமா புகுந்து வந்திருக்கு."

கான்ஸ்டபிள் ஹெட்லியிடம் கேட்டார்.

"நான் சும்மா நின்னேன் சார். அவ்வளவுதான்" என்றான் ஹெட்லி.

மூன்றாவது சாலையில் நின்ற வேன்காரர் சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டிருந்தாராம், ஒன்றும் பார்க்கவில்லை. ஓவனுக்குக் கால் இரண்டு இடத்தில் முறிந்தது. லோர்னா மேல் கேஸ் பதிவானது. கேஸ் முடியும்வரை காரைத் தொடக்கூடாது என்று அவள் வேலை பார்க்கும் கம்பெனி அவளைச் சலவை அறைக்கு அனுப்பிவிட்டது, பாதிச் சம்பளத்துக்கு.

ஊர் முழுக்க ஹெட்லி பக்கம்தான். முப்பத்தோரு வருடம் கீறல் போடாதவன் பொய் சொல்வானா? நானும் சும்மா இருக்கவில்லை. ஒரு சாயங்காலம் லோர்னா பிள்ளைகளுக்கு மீன் வாங்க வந்தாள். கடை நிறைய ஆள். "தப்பு பண்ணினா ஒத்துக்கணும்மா, வயசான மனுஷன் தலையில கட்டக்கூடாது" என்றேன். அவள் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு தலை குனிந்து போனாள். வரிசையில் நின்ற நாலு பேர் எனக்குத் தலையாட்டினார்கள். அன்றைக்கு எனக்கு அது நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் ஹெட்லி சரியில்லை. காரை வெளியே எடுக்கவே இல்லை. நடந்து வந்தான். மீனைக் கிளறிவிட்டு எழுந்து போனான். வினிகரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மே மாதம் ஒரு மத்தியானம் கூட்டம் கலைந்த பிறகு அவன் முன்னால் உட்கார்ந்தேன்.

"என்னண்ணே, உடம்புக்கு என்ன?"

"கை காட்டினேன் வின்னி."



"யாருக்கு?"

"அந்தப் பொண்ணுக்கு. போன்னு நான்தான் கை காட்டினேன். போலீஸ் கேட்டப்ப வாய் தன்னால இல்லன்னு சொல்லிடுச்சு. அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ரெண்டு மாசம். ரெண்டு மாசமா என்னைப் பேச விட்டிருக்க. அத்தனை பேர் முன்னாடி அவளைப் பொய்க்காரின்னு ஆக்கினேன். நீ இங்க உக்காந்து பட்டாணி தின்னுட்டிருந்த" என்று தட்டை அவன் முன்னாலிருந்து பிடுங்கினேன். அவன் அழுதான். என் அண்ணன் அழுது நான் பார்த்ததில்லை. பார்த்தும் எனக்கு இரக்கம் வரவில்லை, அதுதான் உண்மை.

அன்றே கடையைப் பூட்டிவிட்டு அவனைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அதே கான்ஸ்டபிள்தான் இருந்தார். பொறுமையாக எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

"அப்போ அவ தப்பு இல்லைன்னு ஆயிடும்தானே சார்?" என்று கேட்டான் ஹெட்லி.

"ஆகாது சக்டன். நீங்க கை காட்டினா வழி திறந்துடுமா? உங்க முறையை நீங்க விட்டுக்கொடுக்கலாம், சைக்கிள்காரன் முறையை எப்படிக் கொடுப்பீங்க? அவன் அவளுக்கு வலப்பக்கமிருந்து வந்திருக்கான். அவதான் பாத்துப் போயிருக்கணும்."

"அப்படின்னா என் பேர்ல போடுங்க."

"அப்படிப் போட முடியாது."

முப்பத்தோரு வருடம் ரோட்டில் இருந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்துதான் இத்தனை வருடமும் கையைத் தூக்கியிருக்கிறான். அதுவே மரியாதை என்று நானும் ஒருவகையில் நினைத்திருக்கிறேன்.

அங்கிருந்து லோர்னா வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்தவள் உள்ளே கூப்பிடவில்லை. ஹெட்லி டையைப் பிடித்துக்கொண்டு, போலீஸில் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னான். நான் மன்னிப்புக் கேட்டேன். கடையிலும் எல்லார் முன்னாலும் சொல்கிறேன் என்றேன்.

"சொல்லுங்க வின்னி அக்கா. பசங்களை ஸ்கூல்ல கேலி பண்றாங்க" என்றாள். பிறகு, "வேலை போயிடுச்சு. நேத்துதான் லெட்டர் வந்தது. என் வீடுகளையெல்லாம் வேற ஆளுங்களுக்குப் பிரிச்சுக் கொடுத்துட்டாங்க" என்றாள்.

"நான் கம்பெனிக்கு எழுதறேன்மா. எல்லாம் என் தப்புதான்னு எழுதறேன்" என்றான் ஹெட்லி.

அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

"கை காட்டறதுக்கு முன்னாடி கண்ணாடியில பாத்தீங்களா, பின்னால யாராவது வர்றாங்களான்னு?"

ஹெட்லி டையை விட்டான். "இல்லம்மா. பாக்கல."

"நானும் பாக்கல" என்றாள் லோர்னா. "நீங்க கை காட்டினீங்களா, பதிலுக்கு நன்றி சொல்லலைன்னா நல்லா இருக்காதேன்னு நானும் கையைத் தூக்கினேன். உங்க மூஞ்சியைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே காலை அழுத்திட்டேன். இதை நான் போலீஸ்கிட்ட சொல்லல, யார்கிட்டயும் சொல்லல. அந்தப் பையன் 'ஐயோ அக்கா'ன்னு கத்தினப்பகூட என் கை தூக்கினபடியேதான் இருந்தது."