படமில்லாத கணக்கு

போனில் படங்கள் போடும் ஆப்பில் எங்கள் முரசுமோட்டை வீட்டின் வேலிப் படலை, கிணறு, வாசல் எல்லாவற்றையும் இடத்தின் பெயரோடு போட்டு வைத்திருந்தேன். பழைய வீட்டு வளவில் வைத்து ஆரோ கூட்டிக்கொண்டு போய், பிறகு திரும்பி வராத தம்பி எங்கிருந்தாவது தேடினால், இந்தப் புது வீட்டுக்கு அவனுக்கு வழி தெரியவேண்டும்.

மகள் பார்த்துவிட்டுக் கத்தினாள். "அம்மா, உலகமே பாக்குது. கணக்கைப் பூட்டுங்கோ." பூட்டினோம். இடப் பெயர்களையும் அழித்தோம். இனி நான் சம்மதித்தால்தான் புது ஆட்கள் பார்க்கலாமாம்.

பிறகு, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தோம். ஒரு கணக்குக்கு முகப்படமே இல்லை. நான் எதைப் போட்டாலும் முதலில் பார்ப்பது அதுதான். கிணற்றுப் படத்தின் கீழே ஒரே ஒரு தரம் எழுதியிருந்தது: "கிணறு மாமரத்துக்குப் பக்கத்திலெல்லோ இருந்தது?"

பழைய வளவில் அப்படித்தான். ஆனால் அந்த வளவை நான் ஒருநாளும் படமெடுத்துப் போட்டதில்லை.

"ஆர் நீங்கள்?" என்று அந்தக் கணக்குக்குத் தனியாக எழுதினேன். வாசித்ததாக மட்டும் காட்டியது.

"மாமாவைக் கூட்டிக்கொண்டு போனவங்களாயும் இருக்கலாம். நீக்குங்கோ," என்றாள் மகள்.

"உன்ர வேலையைப் பார்!" என்று எரிந்து விழுந்தேன். நீக்கவில்லை.

இன்று காலை வாசலைப் படமெடுத்துப் போட்டேன். போனைக் கீழே வைக்கமுதல் அது பார்த்துவிட்டது. நான் எழும்பிப் போய்ப் படலையின் கொளுக்கியைப் போட்டேன். பாதி வழி வந்தவள், திரும்பிப் போய் அதைக் கழற்றிவிட்டேன்.