நிலவியலின் கடைசி மாணவி

வெர்லா ஸ்டோக்கி, மாநிலப் பல்கலைக்கழகத்தில் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறவள். வட டகோட்டாவில் அது ஐந்து மாத வேலை. மீதி மாதங்களில் புல் வெட்டுவாள். ஊழியர்களுக்குக் கல்விப் பருவத்துக்கு ஒரு பாடம் இலவசம். பலர் ஒரு பருவம் வந்து பார்த்துவிட்டு நின்றுவிடுவார்கள். வெர்லா பதினேழு வருடம் நிலவியல் படித்தாள்.

இரண்டே பாடம் பாக்கியிருந்தபோது துறையை மூடிவிட்டார்கள். மாணவர்கள் போதவில்லையாம்.

பாட ஆலோசகர் பிரென்ட்டுக்கு அவள் மகன் வயதிருக்கும். பொதுப் படிப்பு என்று ஒரு பட்டம் இருக்கிறது, படித்ததெல்லாம் அதில் அடங்கிவிடும், மே மாதமே அங்கி மாட்டிக்கொண்டு மேடையேறலாம் என்றான். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மஞ்சள் ஒட்டுத்தாள்கூடத் தயாராக இருந்தது.

"பொதுன்னா, என்ன படிச்சேன்னு சொல்றது?"

"யாரு கேக்கப்போறா வெர்லா?"

"நான் கேப்பேன்."

சேர்ந்த வருடத்துப் பாடக் கையேட்டை மேசையில் வைத்தாள். அட்டை பிய்ந்திருந்தது. ஒரு பருவம்கூட விடாமல் படிப்பவர், தான் சேர்ந்த வருடத்துக் கையேட்டின்படியே பட்டம் வாங்கலாம். விதி பிரென்ட்டுக்கும் தெரியும். அவளுடைய மதிப்பெண் பட்டியலைத் திரையில் உருட்டிக்கொண்டே போனான். ஒன்பது வருடத்துக்கு முந்தைய வசந்தப் பருவத்தில் நிலவியலே இல்லை.

"இங்க விட்டுப்போச்சே."

"விடல. கீழ பாருங்க."

பௌலிங் என்றிருந்தது. பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற ஆட்டம், உடற்பயிற்சித் துறைப் பாடம். அந்தப் பருவத்தில்தான் அவளுக்கு முட்டியில் அறுவை நடந்தது; பாறை தேடி ஏறி இறங்க முடியாமல், பருவம் விட்டுப்போகாதிருக்க இதில் சேர்ந்திருந்தாள். பிரென்ட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்தக் காலோட பந்து உருட்டினீங்களா?"

"எங்க உருட்டுறது? ஊன்றுகோலோட உக்காந்து மத்தவங்க புள்ளியை எழுதுனேன். அந்தக் கஞ்சப்பய வாத்தியான் 'சி' போட்டான். ஆனா பாஸ்."

பிரென்ட் ஒட்டுத்தாளை உரித்து எடுத்தான்.

மேலிடம் இரண்டு மாதம் இழுத்தடித்தது. பிறகு கடிதம் வந்தது. இரண்டு பாடங்களும் நடக்கும், ஒரே மாணவிக்காக.

துறையில் மிஞ்சியிருந்த பேராசிரியர் புரூயிட் ஓய்வுக்குக் காத்திருந்தவர். என் அறைக்கே வந்துவிடு, காபி குடித்துக்கொண்டே பத்து வாரத்தில் முடித்துவிடலாம் என்றார். அவள் ஒப்பவில்லை. வகுப்பறை வேண்டும், கரும்பலகை வேண்டும், ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய்ப் பாறை காட்ட வேண்டும், தேர்வும் வேண்டும்.

"ஒருத்திதானேன்னு குறைச்சுக் குடுக்காதீங்க."

முனகிக்கொண்டே அறை கேட்டு வாங்கினார். செப்டம்பரில் முதல் நாள், காலணியில் ஒட்டிய புல்லோடு வந்து முன்வரிசை நடுவில் உட்கார்ந்தாள். முப்பத்தொன்பது நாற்காலிகள் காலி. பழக்கதோஷத்தில் அவர் கதவைப் பார்த்தபடி நின்றார்.

"எல்லாரும் வந்தாச்சு," என்றாள் வெர்லா. "ஆரம்பிங்க."