விடுமுறை வீட்டுக் குப்பை

"வாடகையும் குடுத்துட்டு ஊட்டையும் நாமளே பெருக்கணுமா?"

என் மாமியார் இரண்டாவது முறையாகக் கேட்டார். பிரான்சில் ஒரு கிராமத்து வீட்டின் சமையலறையில், ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தாளை நான் அவருக்குத் தமிழில் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பெருக்கித் துடைத்துக் குப்பையை வெளியேற்றியிருக்க வேண்டும். படுக்கை விரிப்பும் துண்டும் நாமே கொண்டுவர வேண்டும்.

"அப்போ அவங்க இன்னாதான் குடுப்பாங்க? செவுரா?"

"ஆங், செவுரு. அதோட எட்டிப் பாக்க ரெண்டு மாடு" என்றார் மாமனார். உண்மையாகவே ஜன்னலுக்கு வெளியே இரண்டு மாடுகள் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

இருவரும் திருத்தணியிலிருந்து இரண்டு மாதத்துக்கு வந்திருந்தார்கள். என் கணவருக்கு லியோன் நகரத்தில் வேலை. நாங்கள் அங்கே போய் நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. அடுக்குமாடி வீட்டில் அடைந்து கிடந்தவர்களுக்குக் கடைசி ஒரு வாரமாவது வயல்வெளியைக் காட்டலாம் என்று அவர் சொன்னார். வீட்டைத் தேடி எடுத்தது நான். வலைத்தளத்தில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்து, கிணற்றுக்கு மூடி இருக்கிறதா, மாடிப்படிக்குக் கதவு இருக்கிறதா என்றெல்லாம் எழுதிக் கேட்டேன். அங்கே இப்படிப்பட்ட வீடுகளைச் சனி முதல் சனி வரைதான் விடுவார்கள். மாமனார், மாமியாரின் விமானமும் அதே சனிக்கிழமைதான். எல்லாம் பொருந்தி வந்ததாக நினைத்து என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மாமியாருக்கு அந்தத் தாளைக் கேட்டதிலிருந்து மனசு ஆறவே இல்லை. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் அவர்களும் மாடியறையை வாடகைக்கு விடுகிறவர்கள்தான். "நம்ம மாடியில தங்குறவங்க மொட்ட அடிச்ச தல சந்தனத்த தலகாணியெல்லாம் பூசி வச்சிட்டு, சாவிய ஆணியில மாட்டிட்டு போயிகினே இருக்காங்க. நான் ஒரு வார்த்த கேட்டிருப்பனா?"

"வர்ற வருஷம் நாமளும் ஒரு தாளு ஒட்டிடலாம் விடு" என்றார் மாமனார்.

அந்த வாரம் அவர் நன்றாகத்தான் இருந்தார். ஆனால் முந்தைய வருடம் அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். பயணம் செய்யலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தும் நான் நம்பவில்லை. அவர் மாடிப்படி ஏறினால் கீழே நின்று மூச்சுச் சத்தத்தைக் கேட்பேன். நடுவானில் ஏதாவது ஆகிவிட்டால்? துபாயில் விமானம் மாறும்போது ஆகிவிட்டால்? கேட்டால் என் கணவர் சிரிப்பார். அதனால் கேட்பதையும் நிறுத்திவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலையே வீட்டைப் பெருக்கிவிடுவது என்று திட்டம் போட்டிருந்தேன். அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவர் ஊருக்குக் கிளம்பினால், அவர் போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை வீட்டைப் பெருக்க மாட்டோம். பிணம் போன வீட்டைத்தான் உடனே பெருக்கிக் கழுவுவார்கள். அரக்கோணத்தில் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த எனக்கும் இது தெரியும். என் அப்பா வேலைக்குக் கிளம்பினால்கூட, ரயில் ஸ்டேஷனைத் தாண்டும் சத்தம் கேட்ட பிறகுதான் அம்மா துடைப்பத்தை எடுப்பார். படித்தவள்தானே, இதையெல்லாம் நம்புகிறாயா என்று யாராவது கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் பெருக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை, மாமனாரின் மாத்திரைகளைக் கைப்பையில் வைத்தோமா என்று மூன்றாவது முறை சரிபார்த்துவிட்டுத் துடைப்பத்தைத் தேடி எடுத்தேன். மாமியார் பதறிக்கொண்டு வந்தார்.

"இன்னாமா பண்ற? வெளக்கு வச்சாச்சி!"

வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. அங்கே ஆகஸ்டில் ஒன்பது மணிக்குத்தான் இருட்டும். ஆனால் அவர் கடிகாரத்தில் ஆறரை ஆனதும், கொண்டுவந்திருந்த சின்ன காமாட்சி விளக்கை ஏற்றிவிட்டிருந்தார். விளக்கு வைத்த பிறகு பெருக்கினால் லட்சுமி போய்விடுவாள். "இன்னும் பொழுது சாயலையே அத்தை" என்று சொல்லிப் பார்த்தேன்.

"சாமிக்கு மணி தெரியாதா? வை அத."

வைத்துவிட்டேன். விளக்கேற்றுவதற்கு முன்பே பெருக்கியிருக்கலாம். மாத்திரைகளைச் சரிபார்ப்பதை இரண்டு முறையோடு நிறுத்தியிருக்கலாம். இன்றைக்கும் இதை நினைக்கிறேன்.

மறுநாள் காலை நேரமே இல்லை. எங்கள் சின்ன காரில் பெட்டிகளோடு ஐந்து பேர் போக முடியாது. அவர்கள் இருவரையும் விமான நிலையத்தில் விட்டுவிட்டு என் கணவர் பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வருவார், அதுவரை நானும் மகளும் அங்கேயே இருப்போம் என்று ஏற்பாடு. ஏழு மணிக்குக் கிளம்பினார்கள். என் நான்கரை வயது மகள் தாத்தாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளுக்குக் கொடுத்த பொரி தரையெல்லாம் சிதறியது. காரில் ஏறிய மாமியார் கண்ணாடியை இறக்கிச் சொன்னார்: "நாங்க ஊடு போயி சேர்ற வரைக்கும் தொடப்பத்த தொடாத."

வீடு என்றால் திருத்தணி. அவர்கள் போய்ச் சேர மறுநாள் காலை ஆகும். பத்து மணிக்கு நான் வீட்டை ஒப்படைக்க வேண்டும். தலையாட்டினேன். வேறென்ன செய்வது?

கார் வளைவில் திரும்பி மறைந்தது. உள்ளே வந்து கதவைச் சாத்துவதற்குள் பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஒரு கையில் வாளியும் மறு கையில் நீளத் துடைப்பமுமாக வீட்டுக்காரப் பெண்மணி சமையலறையில் நின்றார். அறுபது வயதிருக்கும். பக்கத்துப் பண்ணை அவருடையது. கார் போனதைப் பார்த்து எல்லோரும் போய்விட்டோம் என்று நினைத்துவிட்டார். என்னை நைட்டியில் பார்த்ததும் அவரும் திடுக்கிட்டார். மன்னிப்புக் கேட்டார். அடுத்த குடும்பம் சீக்கிரமே வருகிறது, நீங்கள் பெட்டி கட்டுங்கள், நான் தொடங்குகிறேன் என்று பிரெஞ்சில் சொல்லிக்கொண்டே, மாமனார் உட்கார்ந்து ஷூ போட்ட நாற்காலியை நகர்த்தித் துடைப்பத்தைத் தரையில் வைத்தார்.

கார் முதல் கிலோமீட்டரைக்கூடத் தாண்டியிருக்காது.

"வேண்டாம், வேண்டாம்" என்று ஓடிப்போய்த் துடைப்பத்தைப் பிடித்தேன். காரணத்தைச் சொல்லும் அளவுக்கு என் பிரெஞ்சு போதாது. போதுமானதாக இருந்தாலும், பிணம், பயணம், மாமனாரின் இதயம் என்று அந்த அம்மாளிடம் எப்படிச் சொல்வது? அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு புரிந்துவிட்டதுபோலச் சிரித்தார். விருந்தாளி செய்ய வேண்டிய வேலையை நானே செய்துவிடுகிறேன் என்று நான் பிடிவாதம் பிடிப்பதாக எடுத்துக்கொண்டார். துடைப்பத்தை என் கையிலேயே விட்டுவிட்டு, விதிகள் எழுதிய தாளை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். காத்திருந்தார்.

நான் பெருக்கினேன்.

இதைத்தான் இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை. முடியாது என்று சொல்லியிருக்கலாம். உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் பெரியவர் ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது கையில் துடைப்பத்தோடு சும்மா நிற்க எனக்குத் தெரியவில்லை. பொரி, நிலக்கடலைத் தோல், மாமியாரின் நரைமுடி, மாமனார் பிரித்துப்போட்ட மிட்டாய்க் காகிதம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தன. அவர்களையே வாரி எடுப்பதுபோல இருந்தது.

முறத்தில் அள்ளிக் குப்பைத் தொட்டியருகே போனவள் நின்றுவிட்டேன். பெருக்கியது பெருக்கியதாகட்டும், வெளியே கொட்டாமல் இருந்தால்? துணிக்கடைப் பை ஒன்றில் குப்பையைக் கொட்டி, இறுக்க முடிச்சுப் போட்டு, என் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கார அம்மாளின் வாய் திறந்தபடியே இருந்தது. வெளியே இருந்த குப்பைத் தொட்டியை விரலால் காட்டினார். நான் தலையசைத்து மறுத்தேன். அவர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார்.

அதன் பிறகு முற்றத்தில் பெட்டிகளின்மேல் உட்கார்ந்திருந்தோம். அங்கே போனுக்கு சிக்னல் கிடையாது. பன்னிரண்டு ஆனது. ஒன்று ஆனது. அப்பா எப்போது வருவார் என்று மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள், நான் கிணற்று மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றே முக்காலுக்கு கார் வந்தபோது என் கணவர் இறங்குவதற்கு முன்பே "மாமாவுக்கு என்ன ஆச்சு?" என்று கத்திவிட்டேன்.

"நைனாவுக்கு இன்னா? ஜம்முனு உள்ள போயிட்டாரு. வழியில டிராக்டர் ஒண்ணு கவுந்து கெடந்துச்சி, ரோடே ஜாமு." பிறகு என் கைப்பையைப் பார்த்தார். "இன்னாடி இது, இவ்ளோ வீங்கிகினு இருக்குது?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. பையை வாங்கிப் பத்திரமாகப் பின்சீட்டில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்குத் திருத்தணியிலிருந்து போன் வந்தது. மாமியார்தான். வந்து சேர்ந்துவிட்டார்களாம், மாமா தூங்கிக்கொண்டே வந்தாராம். அந்தச் சந்தோஷத்தோடு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

"அத்தை, நான் பெருக்கிட்டேன். நீங்க போன உடனே."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"நானும் பெருக்கிட்டேன்மா."

"எங்க அத்தை?"

"நீ மொத மொதல்ல கைக்கொழந்தையோட பிரான்சுக்குப் போன பாரு, அன்னிக்கி. ஆடிக் கிருத்திகைக்கு ஜனம் வந்து வாசல்ல நின்னுகினு இருந்துச்சி. நீ இருந்த மாடியறையத்தான் வுடணும். ஊடு நாறுதேன்னு பெருக்கி, வாரிக்கினு போயி தெருவுலயே கொட்டிட்டேன். அப்புறந்தான் ஒதறல் எடுத்துச்சி. உங்க மாமாகிட்டகூட சொல்லல."

எனக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. நாங்கள் லியோனில் இறங்கிப் போனைத் திறந்தபோது அவரிடமிருந்து பதினொரு அழைப்புகள். குழந்தையை எனக்குப் பார்த்துக்கொள்ளத் தெரியாது என்று நினைக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். நான்கு வருடங்களாக அதை மனசுக்குள்ளேயே வைத்திருந்தேன்.

"நான் கொட்டல அத்தை. பையில கட்டி எடுத்துக்கினு வந்துட்டேன். இங்கதான் இருக்குது."

"அட!" என்றார். "எனக்கு அது தோணாம போச்சே."

"இப்ப கொட்டிடட்டுமா?"

"இரு, இரு. உங்க மாமா குளிக்கறாரு. வந்து ஒரு வாய் சாப்புடட்டும்."

பால்கனியில் பையை வைத்துவிட்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றேன். திருத்தணி வீட்டுக் குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.