வாகைப் பலகை

இடக்கை உளியைச் சாய்த்துப் பிடித்திருந்தது; வலக்கை கொட்டாப்புளியால் மெல்லத் தட்டியது. 'கழுத்தழகா' என்ற சொல்லில் 'ழ'வின் வால் வளைந்து திரும்பும் இடம் அது. அங்கே மரத்தின் இழை குறுக்கே ஓடியது. ஒரு தட்டு கூடினாலும் சில்லு பெயர்ந்துவிடும். கை உளியைத் திருப்பி, எதிர்ப்பக்கத்திலிருந்து சீவி எடுத்தது. தூளை வாயால் ஊதவில்லை. ஊதினால் எச்சில் படும், ஈரம் பட்ட இழை எழும்பும். புறங்கையால் தள்ளிவிட்டு அடுத்த எழுத்துக்குப் போனது.

தெருவுக்கு எதிர்ப்புறம் சேவல் கூவியது.

கை நின்றுவிட்டது.

"கூவுறான் பாரு, இவன் பாட்டைத்தான் செதுக்கறேன்னு தெரிஞ்ச மாதிரி" என்று முணுமுணுத்தார் அங்கமுத்து.

அங்கமுத்து ஆசாரிக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம் நல்ல பெயர். சிறு வயதில் லாரி பாடி கட்டும் பட்டறையில் பலகை தூக்கப் போனவர். நெற்றிப் பலகையில் எழுத்துச் செதுக்கும் வேலையை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. கழித்துப்போட்ட துண்டுகளில் தானே செதுக்கிப் பார்த்து, தப்பானதை அடுப்பில் போட்டுப் பழகிக்கொண்டார். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிக்காரர்கள் வீடு கட்டினால் வாசல் கதவு அவர் கையால்தான் ஆகவேண்டும் என்பார்கள். அப்படிப்பட்டவருக்கு ஒரு கோழியின்மேல் பொறாமை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் குறையவில்லை.

எதிர்வீட்டு ஜெகதீஸ்வரன் தோட்டங்காடு உள்ளவர். கிளிமூக்கு விசிறிவால் சேவல்களில் பல வருடம் சோடி சேர்த்துச் சேர்த்து ஒரு ரகம் எடுத்திருந்தார். கழுத்து இறகு வாகைப் பூவைப்போல வெளிறிய மஞ்சளில் பச்சை கலந்து இருக்கும். கோழிக்கொட்டாய் மேல் நிழல் தந்த வாகை மரத்தின் பெயரையே அந்த ரகத்துக்கும் வைத்தார். மேட்டூரிலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் காரில் வந்து "வாகைக் குஞ்சு இருக்குதுங்களா?" என்று கேட்பார்கள். எல்லாவற்றிலும் மூத்த சேவல் எப்போதும் ஜெகதீஸ்வரனின் அக்குளில்தான் இருக்கும். சாவடிக்கும் அப்படியே வருவார், கலியாணத்துக்கும் அப்படியே வருவார்.

இதெல்லாம்கூட அங்கமுத்துவைச் சுடவில்லை. சுட்டது பாட்டு.

அங்கமுத்துவின் மனைவி வசந்தாமணி பால்வாடி டீச்சர். ஞாயிற்றுக்கிழமை கவியரங்கங்களில் பாட்டு வாசிப்பவள். மழையைப் பாடியிருக்கிறாள், பால்வாடிப் பிள்ளைகளைப் பாடியிருக்கிறாள், டவுன் பஸ்ஸைக்கூடப் பாடியிருக்கிறாள். புருசன் செய்த ஒரு கதவைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. போன மாதம் 'வாகை' என்று தலைப்புச் சொல்லி மேடையேறினாள். மரத்தைத்தான் பாடப்போகிறாள் என்று பின்வரிசையில் இருந்த அங்கமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் பாடினாள்:

பூத்த வாகை நிறமெடுத்துப் பூசி நிற்கும் கழுத்தழகா
காத்தி ருந்த கிழக்கினுக்குக் கதவு திறக்கும் குரலழகா
பார்த்த பேரைப் பார்த்தபடி பாதை மறக்க வைப்பவனே
சாய்த்த தலையை நிமிர்த்தியொரு சங்கு முழங்க நடவாயே

கைதட்டல் ஓயவில்லை. கதவு திறக்கிறானாம். கதவு செய்கிறவன் இங்கே உட்கார்ந்திருக்கிறான்!

ஜெகதீஸ்வரன் மறுநாளே சேவலோடு பட்டறைக்கு வந்தார்.

"ஏனுங்க ஆசாரி, அம்மிணி பாட்டை ஒரு பலகையில வெட்டிக் குடுங்க. கொட்டாய் முகப்புல மாட்டோணும். நம்ம வாகை மரத்துக் கட்டையிலயே இருக்கட்டும்."

சில ஆடிகளுக்கு முன் காற்றில் சாய்ந்த மரம் அது. அறுத்து அடுக்கியவர் அங்கமுத்துதான். ஈரம் வற்றிக் காய்ந்து பட்டறையில் கிடந்தன பலகைகள்.

"சேவலுக்குப் படிக்கத் தெரியுங்களா?" என்றார் அங்கமுத்து.

"தெரியாதுங்க. ஆனா அதைப் பத்தித்தான் எழுதியிருக்குதுன்னு அதுக்குத் தெரியுமுங்க" என்று ஜெகதீஸ்வரன் சிரித்தார். சேவல் அங்கமுத்துவை ஒரு கண்ணால் பார்த்தது.

அன்று சாயங்காலம்தான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். வாகையின் நடுக்கட்டை கறுப்போடிய வைரம், தலைமுறைக்கும் நிற்கும். அதைச் சுற்றியிருக்கும் வெள்ளைக்கட்டையை வண்டு விடாது. சில வருடத்தில் துளைத்து மாவாக்கிவிடும். அடுக்கில் வைரப்பலகை ஒன்று இருந்தது. அதைத் தன் சாமி அலமாரிக்கு என்று ஒதுக்கியிருந்தார். அவர் எடுத்தது பக்கத்துப் பலகை. அதன் கீழ்விளிம்பில் ஒரு சாண் அகலம் வெள்ளை. கடைசி வரி அதன்மேல் வரும்படி அளந்து கோடு போட்டார். மேலே சாயம் பூசினால் யாருக்குத் தெரியும்? சேவல் சங்கு முழங்கி நடக்கிற வரி முதலில் உளுத்து உதிரட்டும்.

சில நாளில் மூன்று வரி முடிந்து உளி நாலாவது வரிக்கு வந்தது. வெள்ளைக்கட்டை மெத்தென்று வெட்டுப்பட்டது. கைக்கு அது பிடிக்கவில்லை, மனசுக்குப் பிடித்தது.

வாசலில் நிழல் தட்டியது.

"அக்கட்டால போ புள்ள, வெளிச்சத்த மறைக்காத" என்றார் தலை நிமிராமல். எழுத்து வெட்டுகையில் வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழவேண்டும். கோட்டின்மேல் யார் நிழலும் படக்கூடாது. அவர் பட்டறையின் சட்டம் அது.

வசந்தாமணி விலகி வெளியே நின்றாள். "ஒண்ணு சொல்லிட்டுப் போறனுங்க. கடைசியா பேரு போடோணும்னு ஜெகதீஸ்வரண்ணன் சொன்னாரு. பாட்டுக்குக் கீழ."

"என்ன பேரு?"

"எப்பவும் போடறதுதானுங்க. வசந்தாமணி அங்கமுத்து."

கொட்டாப்புளி மடியில் இறங்கியது. நாலாவது வரிக்குக் கீழே மிச்சமிருந்த இடத்தைப் பார்த்தார். விளிம்பை ஒட்டிய வெள்ளை. வண்டு முதலில் வாய் வைக்கிற இடம். சேவலை மட்டுமே நினைத்துக் கோடு போட்டவருக்குப் பாடியவளுக்கும் ஒரு பெயர் உண்டென்பது தோன்றவேயில்லை.

அந்த வெள்ளையை விரலால் தடவிக்கொண்டே கேட்டார். "கோழியெல்லாம் பாடற. இந்தக் கையி செஞ்சது ஒண்ணுகூடவா பாட்டுக்கு ஆகல?"

வசந்தாமணி சிரித்துவிட்டாள்.

"அய்யோ, இதுக்குத்தான் மூஞ்சிய இத்தன நாளா மொறம் மாதிரி வெச்சிருந்தீங்களா? அந்தச் சேவலு என்ற கண்ணு முன்னால நிக்குது, நடக்குது. பாத்தேன், எழுதினேன். உங்க வேலைய நான் எப்பங்க பாத்தேன்? கலியாணமாயி வந்த நாள்லருந்து 'அக்கட்டால போ'தான். லாரியேறிப் போற கதவோட முதுகத்தான் பாத்திருக்கறேன்."

அவள் போன பிறகு அங்கமுத்து பலகையைத் தூக்கிச் சுவரோரம் சாத்தினார். பாதிக்குமேல் முடிந்த வேலை. மறுபடி பார்க்காமல் அடுக்குக்குப் போய், சாமி அலமாரிக்கு வைத்திருந்த வைரப்பலகையை இழுத்துப் போட்டார்.

மனசு மாறிவிட்டது என்று சொல்வதற்கில்லை. சேவல் கூவினால் இன்னும் எரிந்தது. ஆனால் இழைப்புளி ஓட ஓட இன்னொரு கணக்கு ஓடியது. சேவல் எத்தனை வருடம் கூவும்? வைரப்பலகை அதன் பேரன் பூட்டனையெல்லாம் பார்க்கும். அப்புறம் வருகிறவன் எந்தச் சேவல் என்று கேட்கமாட்டான். யார் வெட்டிய எழுத்து என்றுதான் கேட்பான்.

காலையில் வாசல் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். "வசந்தா! வலப்பக்கமா வந்து நில்லு. அங்க நின்னா நிழலு உழுகாது."

அவள் நின்றாள். 'ழ'வின் வால் திரும்பும் இடத்தில் உளி எதிர்ப்பக்கம் மாறுவதைப் பார்த்து, "இப்படித்தானுங்களா?" என்றாள். அவர் அடுத்த 'ழ'வைக் கொஞ்சம் மெதுவாக வெட்டினார்.

அவள் தினமும் வந்தாள். கடைசியாக அவள் பெயரை வெட்டியபோது உளியைப் புதிதாகத் தீட்டிக்கொண்டார். பக்கத்திலேயே தன் பெயர் வந்ததை வெட்டுகையில்தான் சரியாகப் பார்த்தார். சாயம் பூசவில்லை. தேங்காயெண்ணெய் தொட்டுத் துணியால் தேய்க்கவே கறுப்பு மினுங்கியது.

ஜெகதீஸ்வரன் வழக்கம்போல் சேவலை இடுக்கிக்கொண்டு வந்தார். பலகையை வரி வரியாக வாசித்தார். ஒரு கையை மட்டும் நீட்டினார்.

"வைரக்கட்டைங்க, கனம் தாங்காது" என்றார் அங்கமுத்து. "ரெண்டு கையிலயும் வாங்குங்க."

ஜெகதீஸ்வரன் சேவலைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். பிறகு குனிந்து சேவலைத் தரையில், மரத்தூளில் இறக்கிவிட்டார். அங்கமுத்து அதுவரை காத்திருந்து, நீண்ட இரண்டு கைகளிலும் பலகையை வைத்தார்.