மொளகுத்தண்ணி கேஸும் கன்னியம்மா ஆப்பமும்

போன வாரம் என் குதிரைக்கு ஆப்ப ருசி புடிச்சிப் போச்சி. புல்லு போட்டா மூஞ்சியத் திருப்பிக்குது. கொள்ளு வெச்சா மோந்து பாத்துட்டு என்னையே பாக்குது – இன்னா, அவ்ளோதானான்னு.

ஜட்கா குதிரை ஆப்பம் துன்னு பாத்திருக்கீங்களா? அறுவது வருசமா குதிரையோட கீறேன், நானே பாத்ததில்ல. அது எப்படி ஆச்சுன்னு சொன்னா எனக்குத்தான் வெக்கம். ஆனா வாராவாரம் உங்க கிட்ட சொல்லிப் பழகிடுச்சே… எனக்கு எழுத்து வராது. நான் வாயால சொல்றேன், பேப்பர் ஆபீஸ்ல ஒருத்தரு எழுதிக்கிறாரு. இப்பவே சிரிக்கிறாரு பாருங்க.

மைலாப்பூர் கொளத்து மூலையில எங்க ஜட்கா ஸ்டாண்டு. எதுத்தாப்புல கன்னியம்மா ஆப்பக்கடை. கடைன்னா கூரை கூட இல்ல – ஒரு அடுப்பு, ஒரு சட்டி, தேங்காப்பாலு ஒரு குண்டான். அவ புருசன் மாணிக்கம் அடையாறுல ஒரு தொரை பங்களாவுல குக்கு. தொரை பென்சன் வாங்கிக்கினு சீமைக்குக் கப்பலேறும்போது அவனையும் கூட்டிக்கினு போயிட்டாரு. மாணிக்கம் கை மொளகுத்தண்ணி இல்லாம தொரைக்கு சாப்பாடே எறங்காதாம்.

அதை நானும் குடிச்சிருக்கேன். ஒரு தபா பங்களாவுக்கு சவாரி போனப்போ, சமையக்கட்டு பின்னால நிக்க வெச்சி ஒரு கோப்பை குடுத்தான். அடுத்த சவாரி மாம்பலம். இப்போ தியாகராய நகர்னு வரிசையா வூடு கட்றாங்களே, அப்போ அங்க பெரிய ஏரி. குதிரையும் நானும் ஒண்ணாக் குனிஞ்சி ஏரித் தண்ணி குடிச்சோம். அவ்ளோ காரம். அந்த ஏரியில மீனு கூட… எங்க வுட்டேன்? ஆங், மாணிக்கம்.

அந்தத் தொரை சீமையில செத்துட்டாரு. மொளகுத்தண்ணி குடிச்சிட்டுப் படுத்தாரு, விடியறதுக்குள்ள ஆளு காலி. சமைச்சது யாரு? கறுப்பு ஆளு, வெளியூரு ஆளு. வேற இன்னா வேணும்? மாணிக்கத்தைப் புடிச்சி உள்ள வெச்சிட்டாங்க.

ஸ்டாண்டுல தெனமும் இதே பேச்சு. வக்கீல் குமாஸ்தா ஐயர் ஒருத்தரு, டிராமுக்கு நிக்கிறப்போ எங்களுக்குப் பேப்பர் படிச்சிச் சொல்லுவாரு.

"கேளுங்கோ. 'இந்தியாலேர்ந்து சமையக்காராளை அழைச்சிண்டு வரதே தப்பு'ன்னு ஒரு வெள்ளைக்காரன் எழுதியிருக்கான். 'இத்தனை வருஷம் அதைச் சாப்ட்டுத்தானே தெம்பா இருந்தான்'னு நம்மூர்க்காரர் ஒருத்தர் பதில் போட்டிருக்கார்."

"மொளகுத்தண்ணி குடிச்சி எவனாச்சும் சாவானா சாமி?"ன்னான் ஏகாம்பரம். என்னாட்டம் ஜட்கா ஓட்றவன்.

"அந்தக் குளிருக்கு நெஞ்சு நின்னு போயிருக்கும். பழி நம்ப ஆளு தலையில"ன்னாரு காதர் பாய். அவரும் ஜட்காதான்.

"சக்கரையில எறும்பு கெடந்தா, அதை ஊதி ஓரமா வுடற மனுசன் மாணிக்கம்"னு நானும் அடிச்சி சொன்னேன்.

ஊரே மாணிக்கம் பக்கம். ஆனா ஒரு விசயம். கேஸு பேப்பர்ல வந்த நாள்லேர்ந்து கன்னியம்மா ஆப்பத்தை ஒருத்தன் தொடல.

பாய்க்கு வவுறு சரியில்ல. ஏகாம்பரத்துக்கு அமாவாச வெரதம் – பத்து நாளா. பொங்குன மாவெல்லாம் எருமைக்குப் போச்சு. புருசன் உள்ள கீறான், இந்த அடுப்பும் அணைஞ்சா அவளும் ரெண்டு பொண்ணுங்களும் இன்னா துன்னும்?

நான் மட்டும் தெனம் ரெண்டு ஆப்பம் வாங்கினேன். வாங்கிக்கினு வண்டிக்குப் பின்னால போவேன். குதிரை வாயில வெச்சிட்டு, மீசையத் தொடச்சிக்கினே திரும்பி வருவேன்.

இப்போ தெரிஞ்சிதா?

இப்பிடி இருக்கச்சே, குமாஸ்தா ஒரு காயிதத்தோட வந்தாரு. "மாணிக்கத்தை நன்னாத் தெரிஞ்சவா நாலு பேர் எழுதிக் குடுத்தா கோர்ட்ல காட்டலாமாம். இன்னிக்கு சீமை மெயிலுக்குப் போயாகணும்."

அவரு கையெழுத்து போட்டாரு. நாங்க மூணு பேரும் முண்டியடிச்சிக்கினு கட்டை வெரலை நீட்டினோம். காயிதத்தை எடுத்துக்கினு பெருமையா கன்னியம்மா கிட்ட போனோம்.

"படிங்க சாமி"ன்னா. படிச்சாரு. 'இவன் சமையலை யாரும் நம்பிச் சாப்பிடலாம்'னு ஒரு வரி வந்துச்சு.

"நம்பின்னு யாரு சொன்னது?"

"இவாதான்."

அவ மூணு எலைத் துண்டு எடுத்தா, மூணு ஆப்பம் வெச்சா, பாலை ஊத்துனா. "துன்னுங்க."

"எனக்கு வவுறு…"ன்னாரு பாய்.

"பத்து நாளா வவுறு சரியில்லன்னா ஆஸ்பத்திரியில கெடக்கணும் பாய். ஏகாம்பரண்ணே, உனக்கு மட்டும் நெலா மொளைக்கவே மொளைக்காதா?"

நான் வாயத் தொறந்தேன்.

"நைனா, நீ பேசாத. குதிரை மினுமினுன்னு ஆவுது. நீதான் எளைச்சிக்கினே போற."

கைநாட்டு வெச்சது இடது கை, துன்றது வலது கை. மை ஒட்டிக்கும்னு சாக்கு சொல்லக்கூட வழியில்ல. குந்திட்டோம்.

மொத வாயை மென்னுக்கினே இருந்தேன், முழுங்கல. மாணிக்கம் மேல சந்தேகமே இல்லன்னு மாரைத் தட்டுன ஆளு, அவன் பொண்டாட்டி ஆப்பத்துக்கு ஏன் நடுங்கணும்? சீமைக்காரன் நம்பளைப் பாத்து பயப்படறான்னு அவ்ளோ திட்டு திட்டினோமே… யோசிச்சிப் பாத்தேன். பேச்சு வாயிலேர்ந்து வெளிய போறது. ஆப்பம் உள்ள போறது. வெளிய போறதுக்கு எவன் பயந்தான்?

முழுங்கினேன். ஒண்ணும் ஆவல. ஓரம் மொறுமொறுன்னு, நடுவுல பஞ்சாட்டம். இத்தினி நாளு எவ்ளோ நஷ்டம் எனக்கு? பாய் மூணு துன்னாரு. நாங்க துன்றதைப் பாத்துட்டு டிராம் ஆளுங்க ரெண்டு பேரு வந்து குந்துனாங்க. அடுப்புல இன்னொரு வெறகு வெச்சா கன்னியம்மா.

"ஆச்சா? மெயிலுக்கு நாழியாறது"ன்னாரு குமாஸ்தா.

"அந்தக் காயிதத்தைக் கிழிச்சிடுங்க சாமி. அது துன்றதுக்கு முன்னாடி வெச்சது. பொய்யி. இப்போ வெக்கட்டும்."

"ஏம்மா, கோர்ட்ல அதையெல்லாம் யார் கேக்கப் போறா?"

"எம் புருசன் கேப்பாரு."

குமாஸ்தா அதைக் கிழிச்சிட்டு, நின்னுக்கினே புதுசா எழுதுனாரு. மறுபடி நாங்க வெரலை நீட்டினோம். அவசரத்துல என் வலது கையி காயிதத்துல பட்டு, தேங்காப்பாலு ஒரு காலணா அகலத்துக்கு ஊறிடுச்சி.

"ராமா, வேற காகிதம் எடுக்கறேன்"ன்னாரு குமாஸ்தா.

"அது இருக்கட்டும் சாமி. மத்ததெல்லாம் எழுத்து. அதுதான் சாட்சி"ன்னா கன்னியம்மா.

காயிதம் கப்பல்ல போய்க்கினு கீது. தீர்ப்பு இன்னாவோ தெரியாது. அந்த ஊரு ஜட்ஜு படிக்கறதுக்கு முன்னாடி ஒரு தபா மோந்து பாத்தாருன்னா போதும்.