கயிறு தாண்டிய விரால்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு சரி. பாதி மறந்தும் போச்சு, பொறுத்துக்கொள்ளுங்கள். கடலில் மீன் பிடிக்கக் கூடாத இடத்தை எங்கே, எவ்வளவு பெரிதாக ஒதுக்குவது என்று பேத்தி கல்லூரியில் படிக்கிறாள். எங்கள் மாமா அதைக் குளத்திலேயே செய்தாரே என்று வாய்விட்டுவிட்டேன். எழுதித் தந்தால்தான் ஆச்சு என்று நிற்கிறாள்.

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே எங்கள் ஊர்க் குளம். கோடையில் தண்ணீர் சுண்டியதும் ஊரே இறங்கி, குஞ்சுகூட விடாமல் அரித்துவிடும். வருஷத்துக்கு வருஷம் மீன் குறைந்தது. ஒரு மூலையையாவது விட்டுவைப்போம் என்று அம்மாவுடன் பிறந்த மாமா மன்றாடினார். பிள்ளையார் படித்துறையை ஒட்டிய இடத்தைக் கொடுத்தார்கள். சாமிக்குப் பயந்து யாரும் கை வைக்க மாட்டார்கள் அல்லவா? நெசவுக்காரரான மாமா, தன் தறியில் கழிந்த நூலைத் திரித்துக் கயிறு கட்டினார். யாரும் கை வைக்கவில்லைதான். ஆனால் அங்கே முழங்கால் ஆழம். சித்திரை வெயிலில் முதலில் வற்றியது அதுதான்.

"என்ன வே, ஒம்ம மீனெல்லாம் கருவாடாப் போச்சே!" என்றார் எதிர்வீட்டு அண்ணாச்சி.

"சாமிக்குத் தோதான எடத்தப் பாத்தோம் அண்ணாச்சி, மீனுக்குத் தோதான எடத்தப் பாக்கல."

இன்னும் ஒரே ஒரு தடவை என்று மாமா ஊரிடம் கேட்டு வாங்கினார். அதுவும் பொய்த்தால் கயிற்றை அறுத்துவிட வேண்டும் என்று ஊரார் பேசி முடித்தார்கள். இந்த முறை, மடைக்கு முன்னால் இருக்கும் வற்றாத பள்ளத்திலிருந்து விரால் குஞ்சு பொரிக்கும் கோரைப்புல் கரை வரைக்கும், நடுவில் விடாமல் ஒரே வளைப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் காவல் நான். ஒரு மீனும் வெளியே போகக் கூடாது என்று நானே சட்டம் போட்டுக்கொண்டேன்.

அந்தக் கோடையைப் பள்ளத்து மீன்கள் தாண்டின. மழைக்குப் பிறகு கோரைக்குள் செக்கச்செவேலென்று விரால் குஞ்சுகள். அடுத்த கோடையில் கயிற்றுக்கு வெளியே ஊர் இறங்கியது. பார்த்தால், கயிற்றுக்கு அடியில் விரால்கள் சாரைசாரையாக வெளியேறி அவர்கள் கூடையில் போய் மாட்டுகின்றன. அழுதுகொண்டே ஓடினேன்.

"மாமா, மீனெல்லாம் கயித்தத் தாண்டிப் போவுது!"

"போவட்டுமேட்டி! தாண்டத்தான கட்டுனேன்!" என்று என்னைத் தூக்கிச் சுற்றினார்.

கூடை கொள்ளாத மீன். எதிர்வீட்டு அண்ணாச்சியே கை நீளத்துக்கு ஒரு விராலைக் கொண்டுவந்து, "கயிறு கெடக்கட்டும் வே" என்று கொடுத்துவிட்டுப் போனார். மாமா தோற்றுப்போய், அதை மறைக்கத்தான் சிரிக்கிறார் என்று அப்போது நினைத்து, அந்தக் குழம்பை நான் தொடவேயில்லை.

பள்ளம் ஓராள் ஆழமா, இரண்டாள் ஆழமா என்பது மறந்துவிட்டது. ஊரில் யாராவது இறங்கிப் பார்த்துத் திருத்துங்கள். மீன் தாண்டியதில் மட்டும் சந்தேகம் வேண்டாம்.